ஈரல் வறுவல் ஆட்டம்: எஃப்7-இல் குதிரையைக் கொடுத்து ஆடக் கற்றுக்கொள்வது எப்படி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்து ஒரு செஸ் ஆட்டம் ஆடினேன். எதிரில் இருந்தவர் முனிச்சாலைப் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். பல வருடமாக ஆடுகிறவர், நிதானமானவர், பெரும்பாலும் என்னை ஜெயிப்பவர். அன்றைக்கு ஆட்டம் பன்னிரண்டே நகர்வில் முடிந்துவிட்டது. பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், "அண்ணே, குதிரைய ஏன்ணே சும்மா குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். காய்களைத் திரும்ப அடுக்கி அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தேன், அதற்குள் இருட்டிவிட்டது, பாதிதான் முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். காய்கள் எப்படி நகரும், கேஸ்லிங் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும், வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு போர்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். வெறுமனே வாசித்தால் மூன்றாவது பத்தியிலேயே குழம்பிவிடும்.

கட்டங்களின் பெயரை முதலில் பார்த்துவிடலாம். வெள்ளைக் காய் பக்கம் உட்கார்ந்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசை, நம் பக்கத்தில் இருந்து எதிராளி பக்கம் போகப் போக 1 முதல் 8 வரை எண். வெள்ளை ராஜா இ1-இல், கறுப்பு ராஜா இ8-இல். மூலையில் நிற்பதை யானை என்றும், ராஜா ராணிக்கு இரண்டு பக்கமும் நின்று குறுக்கே போவதைப் பிஷப் என்றும் எழுதுகிறேன், சில வீடுகளில் அதை மந்திரி என்பார்கள்.

இப்போது எஃப்7 கட்டத்தைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன்னால் கறுப்பின் எட்டுச் சிப்பாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, இதை அடித்தால் திருப்பி அடிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஏ7-க்கும் எச்7-க்கும் யானை இருக்கிறது, பி7-க்கும் ஜி7-க்கும் பிஷப், சி7-க்கு ராணி, டி7-க்கும் இ7-க்கும் நான்கு நான்கு பேர். எஃப்7-க்கு மட்டும் ராஜாவைத் தவிர நாதியில்லை. இந்த ஆட்டம் முழுவதும் அந்த ஒரு ஓட்டையை வைத்துத்தான் நடக்கிறது.

ஆட்டத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதுரைக்காரர்களுக்கு அது ஒட்டிக்கொள்ளும். இத்தாலியில் ஃபெகாடெல்லோ என்று ஓர் ஈரல் சமையல் உண்டு, அந்தப் பெயரைத்தான் இந்தத் தாக்குதலுக்கு வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது ஃப்ரைட் லிவர் அட்டாக் ஆனது. நம் ஊர் மெஸ்ஸில் கேட்கிற மாதிரி சொன்னால் ஈரல் வறுவல். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த போலேரியோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் ஆடிய ஆட்டமாகவே இது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நானூறு வருடமாக ஆடிப் பார்த்துவிட்டார்கள், அதனால் எது நல்லது எது கெட்டது என்று தெளிவாகவே தெரியும்.

சரி, ஆரம்பிக்கலாம். வெள்ளை நாம். முதல் நகர்வு சிப்பாய் இ4, எதிராளியும் இ5 வைக்கிறார். அடுத்து நம் குதிரை எஃப்3-க்கு வந்து இ5 சிப்பாயை மிரட்டுகிறது, அவர் குதிரையை சி6-இல் வைத்துக் காப்பாற்றுகிறார். மூன்றாவது நகர்வில் பிஷப்பை சி4-இல் வைக்கிறோம். சி4-இலிருந்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள், டி5, இ6, நேராக எஃப்7. எதிராளி இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் நமக்கு வேண்டிய நிலை வந்துவிட்டது. இதற்கு இரு குதிரைத் தற்காப்பு என்று பெயர்.

ஆனால் மூன்றாவது நகர்வில் அவர் வேறு எதையாவது வைத்தால்? புதிதாக ஆடுகிறவர்கள் தோற்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அவர் எஃப்6 குதிரைக்குப் பதிலாகப் பிஷப்பை சி5-இல் வைத்தால், ஜி5-க்குக் குதிரையைக் கொண்டுபோகவே கூடாது. டி8-இல் நிற்கும் கறுப்பு ராணிக்கு ஜி5 வரை வழி திறந்தே இருக்கிறது, இலவசமாகக் குதிரையைத் தின்றுவிட்டுப் போகும். மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிள்ளைகள் எதிராளி என்ன வைத்தார் என்று பார்க்காமலே நான்காவது நகர்வில் குதிரையை ஜி5-இல் தட்டுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எஃப்6-இல் கறுப்புக் குதிரை நின்று அந்த ராணியின் வழியை அடைத்தால்தான் நமக்கு ஜி5. பிஷப் சி5 வந்தால் பேசாமல் சி3 வைத்தோ கேஸ்லிங் செய்தோ சாதாரணமாக ஆடுங்கள். எச்6 சிப்பாயை வைத்து ஜி5-ஐத் தடுத்தாலும் அப்படியே, டி4 தள்ளி நடுவைத் திறந்துவிடுங்கள், அவர் ஒரு நகர்வை வீணாக்கியிருக்கிறார். இன்னொன்று, சி6 குதிரை டி4-க்குத் தாவினால் இ5 சிப்பாய் இலவசம் போலத் தெரியும், தொடாதீர்கள். ராணி ஜி5-க்கு வந்து குதிரையையும் ஜி2-வையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடும், அங்கிருந்து மூன்றே நகர்வில் மேட் வரைக்கும் போகிற பழைய பொறி அது. டி4-இல் வந்த குதிரையை நம் குதிரையால் அடித்துவிடுங்கள், முடிந்தது.

நான்காவது நகர்வு, குதிரை ஜி5. எஃப்7-ஐ இப்போது இரண்டு பேர் பார்க்கிறார்கள், காவலுக்கு ராஜா ஒருவர்தான். வெளியே வந்த காயையே திரும்ப நகர்த்துவது ஆரம்பப் பாடத்துக்கு விரோதம் என்பது உண்மை. ஜெர்மானிய மேதை டர்ராஷ் இந்த நகர்வைக் கற்றுக்குட்டி ஆட்டம் என்றே கண்டித்தார். ஆனாலும் உலகச் சாம்பியனாக இருந்த பாபி ஃபிஷர் இதை ஆடியிருக்கிறார், இன்றைக்கும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுகிறார்கள். விதியை மீறும்போது பதிலுக்கு நிஜமான ஒரு மிரட்டல் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இங்கே இருக்கிறது.

கறுப்புக்கு நல்ல பதில் டி5 சிப்பாய், பிஷப்பின் கோட்டை அடைக்கிறது. நாம் இ4 சிப்பாயால் அதை அடிக்கிறோம். இப்போது ஐந்தாவது நகர்வில் கறுப்பு என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்துப் பேரை உட்கார வைத்தால் பாதிப் பேருக்கு மேல் எஃப்6 குதிரையால் டி5 சிப்பாயைத் திருப்பி அடிப்பார்கள் என்பது என் அனுபவம். ஒரு சிப்பாய் போச்சு, அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கை தானாகப் போகும். அண்ணனும் அதைத்தான் செய்தார்.

ஆறாவது நகர்வு, குதிரையால் எஃப்7-ஐ அடிக்கிறோம். அந்தக் குதிரை அங்கே நின்றால் ராணியையும் எச்8 யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டும், ஆகவே ராஜா அதை அடித்தே ஆக வேண்டும். அடித்தார். கணக்குப் பார்த்தால் நாம் ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை வாங்கியிருக்கிறோம், அதாவது மூன்று மதிப்புள்ள காயைக் கொடுத்து ஒன்று மதிப்புள்ளது. வெறும் கணக்கில் நஷ்டம். லாபம் எங்கே என்றால் எஃப்7-இல் வெட்டவெளியில் நிற்கிற அந்த ராஜாவிடம்.

ஏழாவது நகர்வு ராணி எஃப்3, செக். இந்த ஒரு செக் இரண்டு வேலை பார்க்கிறது: ராஜாவையும் தாக்குகிறது, டி5 குதிரையையும் இரண்டாவது முறையாகத் தாக்குகிறது. டி5 குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து செக்கை மறைக்கலாமே என்று தோன்றும், முடியாது. அது நகர்ந்தால் சி4 பிஷப் நேராக ராஜாவைப் பார்க்கும், அதனால் அந்த நகர்வே செல்லாது. ராஜா ஜி8-க்கு ஓடினால் பிஷப்பால் டி5 குதிரையை அடித்துச் செக் வையுங்கள், கறுப்பு ராணியால் திருப்பி அடித்தாலும் பிஷப்பை இ6-இல் மறைத்தாலும் அடுத்தடுத்து மேட்தான், போர்டில் நீங்களே வைத்துப் பாருங்கள். இ8-க்குப் போனால் டி5 குதிரையை எடுத்துக்கொள்ளலாம், கொடுத்த காய் திரும்ப வந்துவிட்டது, கூடுதலாக ஒரு சிப்பாயும் நம்மிடம். குதிரையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ராஜா இ6-க்கு, போர்டின் நடுவுக்கே வந்தாக வேண்டும். அண்ணன் இ6-இல் வைத்தார், சரியான நகர்வு அதுதான்.

இந்த இடத்தில்தான் புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் தவறு செய்வார்கள். ராஜா நடுவில் நிற்கிறது, கை பரபரக்கும், அடுத்த செக் எங்கே, அதற்கடுத்த செக் எங்கே என்று தேடும். தேடாதீர்கள். ஒரு ராணியும் ஒரு பிஷப்பும் விரட்டினால் ராஜா இரண்டு மூன்று கட்டம் ஓடிப் பத்திரமான இடத்தைக் கண்டுபிடித்துவிடும், நம் கையில் குதிரையும் இருக்காது. எட்டாவது நகர்வு, ஏதோ ஆட்டம் இப்போதுதான் தொடங்கியது போல, இன்னொரு குதிரை சி3. செக் இல்லை. ஆனால் டி5 குதிரையை இப்போது மூன்று பேர் தாக்குகிறார்கள், பிஷப், ராணி, குதிரை. காப்பாற்ற இருப்பவர்கள் ராஜாவும் ராணியும். அந்தக் குதிரையால் நகரவும் முடியாது, நகர்ந்தால் பின்னால் ராஜா. ஓட முடியாத ஒரு காயின் மேல் ஆள் சேர்க்கிறோம். இந்த ஆட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு நகர்வை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் எஃப்7 பலியை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் சி6 குதிரையை எடுத்து டி4-இல் வைத்துவிட்டு, "தம்பி, ராணி போகப் போகுது, பாத்துக்க" என்றார். உண்மைதான், டி4 குதிரை எஃப்3 ராணியைத் தாக்குகிறது, சி2-இல் ஒரு ஃபோர்க்கும், அதாவது ஒரே காய் இரண்டைச் சேர்த்துப் பிடிப்பதும், காத்திருக்கிறது. நான் ராணியை நகர்த்தவில்லை. ஒன்பதாவது நகர்வில் பிஷப்பால் டி5 குதிரையை அடித்தேன், செக். செக் இருக்கும்போது என் ராணியை அடிக்க அவருக்கு நேரம் கிடையாது. பிஷப்பை ராஜாவால் எடுக்கவும் முடியாது, ராணியும் குதிரையும் காவல் இருக்கிறார்கள். ராஜா டி6-க்குப் போனார். பத்தாவது நகர்வு ராணி எஃப்7. பாருங்கள், இதுவும் செக் இல்லாத நகர்வு. ராணி ஆபத்திலிருந்து விலகியது, அதோடு ராஜா பின்னால் போகிற கட்டங்கள் இ6, இ7, டி7 மூன்றையும் பூட்டிவிட்டது. அடுத்து என் குதிரை இ4-க்கு வந்தால் மேட்.

அண்ணன் கண்ணுக்கு அந்த இ4 தெரியவில்லை. சி2 சிப்பாய் தெரிந்தது. குதிரையால் அதை அடித்து, செக் என்று சொல்லி, ஏ1 யானையையும் சேர்த்துப் பிடித்தார். என் ராஜா டி1-க்கு நகர்ந்தது. அவர் யானையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் குதிரை இ4, செக்மேட். ஏன் மேட் என்று அந்தப் பையன்களைக் கண்டுபிடிக்கச் சொன்னேன், நீங்களும் பாருங்கள்: சி5-ஐக் குதிரை பார்க்கிறது, சி6-ஐயும் இ6-ஐயும் பிஷப் பார்க்கிறது, டி7, இ7 ராணியிடம், இ5-இல் அவருடைய சொந்தச் சிப்பாய், டி5 பிஷப்பை அடிக்கலாம் என்றால் அதற்குப் பின்னால் எஃப்7 ராணியின் காவல். மேட் வைத்த நேரத்தில் அவரிடம் என்னைவிட ஒரு யானை அதிகம். அந்தக் கறுப்புக் குதிரை ஏ1 மூலையில், சண்டை நடக்கிற இடத்திலிருந்து வெகுதூரத்தில் நின்றது.

எல்லாரும் இப்படி டி4-இல் வைக்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எட்டாவது நகர்வுக்குக் கறுப்பிடம் இதைவிட நல்ல பதில் இரண்டு உண்டு. ஒன்று, சி6 குதிரையை பி4-இல் வைத்து டி5 குதிரைக்குக் காவல் கொடுத்து, சி2-வையும் மிரட்டுவது. அப்போது ராணியை இ4-க்குக் கொண்டுவாருங்கள், சி2 காப்பாற்றப்பட்டது, இ5 சிப்பாய்க்கும் நெருக்கடி, அடுத்து டி4 தள்ளி நடுவை உடைக்கலாம். இரண்டாவது, அதே குதிரையை இ7-க்குப் பின்வாங்குவது. அதற்கு உடனே டி4, அடுத்து சி1 பிஷப்பை ஜி5-க்கு. எது வந்தாலும் நம் எண்ணம் ஒன்றே: நடுவில் இருக்கும் சிப்பாய்களைத் திறக்க வேண்டும், நம் பக்கம் தூங்குகிற யானைகளையும் பிஷப்பையும் சீக்கிரம் கொண்டுவர வேண்டும், ராணிகளை மாற்றிக்கொள்ளக் கூடாது. ராணி போர்டை விட்டுப் போனால் நடுவில் நிற்கும் ராஜாவுக்கு எந்தப் பயமும் இல்லை, நமக்கு ஒரு காய் குறைவு மட்டும்தான் மிஞ்சும். குதிரையைக் கொடுக்கத் துணிவு வராதவர்கள் ஆறாவது நகர்வில் டி4 தள்ளலாம். அதற்கு லொல்லி தாக்குதல் என்று பெயர், அதே மிரட்டல் தொங்கிக்கொண்டே இருக்கும், அதுதான் இன்னும் பலமானது என்று சொல்கிறவர்களும் நிறைய.

விஷயம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்தால் ஈரல் வறுவலே கிடைக்காது. அவர் ஐந்தாவது நகர்வில் டி5-ஐத் திருப்பி அடிக்காமல் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் நம் பிஷப்பைத் தாக்குவார். ஏமாற்றமாக இருக்கும், பரவாயில்லை. பிஷப்பை பி5-இல் வைத்துச் செக் கொடுங்கள், அவர் சி6 சிப்பாயைத் தள்ளுவார், அதை அடியுங்கள், அவர் பி7 சிப்பாயால் திருப்பி அடிப்பார். இப்போது நம்மிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவரிடம் வேகமும் திறந்த வழிகளும். பிஷப்பை இ2-க்கு இழுப்பது பழைய வழி, டி3-இல் வைப்பது சமீபத்தில் நிறையப் பேர் ஆடுகிற வழி. 1963-இல் ஃபிஷர் இந்த நிலையில் பிஸ்கியருக்கு எதிராகக் குதிரையை எச்3-க்கு, போர்டின் ஓரத்துக்கே ஒதுக்கி வைத்து ஜெயித்தார். அது எல்லாருக்கும் கைவராது, புதிதாக ஆடுகிறவர்கள் எஃப்3-க்கே வாருங்கள்.

இன்னும் இரண்டு பதில்களுக்கு மட்டும் தயாராக இருங்கள். நான்காவது நகர்வில் டி5 வைக்காமல், எஃப்7 போனால் போகட்டும் என்று பிஷப்பை சி5-இல் வைக்கிறவர்கள் உண்டு. செக் நாட்டுப் பாதிரியார் டிராக்ஸ்லர் 1890-இல் ஆடிப் புகழ்பெற வைத்த வழி இது, பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், உண்மையில் ரொம்ப ஆபத்து. குதிரையால் எஃப்7-ஐ அடித்தால் பிஷப் எஃப்2-இல் விழுந்து நம் ராஜாவை வெளியே இழுத்துவிடும். அதனால் பிஷப்பால் எஃப்7-ஐ அடித்துச் செக் வைத்து, ராஜா இ7-க்கு வந்ததும் பிஷப்பை பி3-க்குத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு சிப்பாய் கிடைத்தது, கறுப்பால் இனி கேஸ்லிங் செய்ய முடியாது, அது போதும். இன்னொரு பதில், எஃப்6 குதிரை இ4 சிப்பாயை அடிப்பது. அங்கேயும் பிஷப்பால் எஃப்7-இல் செக், பிறகு டி4. இ4 குதிரையை உடனே அடித்தால் டி5 சிப்பாய் வந்து நம் குதிரையையும் பிஷப்பையும் ஒரே அடியில் பிடித்துவிடும்.

பயிற்சிக்கு நான் சொல்வது இதுதான். முதல் வாரம் யாருடனும் ஆடாமல் எட்டாவது நகர்வு வரைக்கும் போர்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அப்புறம் லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் கணக்கு வைத்து, பத்து நிமிட ஆட்டம் ஆடுங்கள், அங்கே எல்லாமே இலவசம். ஒரு நிமிடம், மூன்று நிமிட ஆட்டம் வேண்டாம், யோசிக்கிற பழக்கமே போய்விடும். ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது என்று நீங்களே ஒரு வரி எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு எதையும்விட அதிகமாக உதவியது அந்த நோட்டுதான். கறுப்பாகவும் இதே ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். இ6-இல் ராஜாவை வைத்துக்கொண்டு பத்து நகர்வு தாக்குப்பிடிக்கப் பார்த்தால்தான் வெள்ளை எங்கே அவசரப்படுகிறது என்று தெரியும்.

நேரில் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. ஏழாவது நகர்வு முடிந்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். செக் வைக்கிற ஆசையில் ராணியைத் தொட்டுவிட்டால், குதிரை சி3 என்று மனதுக்குள் எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் பிரயோசனமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சுவர் ஓரம் உட்கார்ந்தோம், அதே பையன்கள், இந்த முறை அவர்களே ஒரு போர்டு கொண்டுவந்திருந்தார்கள். இ4, இ5, குதிரை, குதிரை, பிஷப், குதிரை, நான் ஜி5. அண்ணன் டி5 வைத்தார், நான் அடித்தேன். அவர் கை டி5 பக்கம் போய் அந்தரத்தில் நின்றது, பிறகு திரும்பி சி6 குதிரையை எடுத்து ஏ5-இல் வைத்தது. "வாரம் பூரா பட்டறையில இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி" என்றார். நாற்பது நகர்வுக்கு மேல் போய் அந்த ஆட்டம் டிரா ஆனது.